தமிழவேள் கோ. சாரங்கபாணி: குடியுரிமையும் தாய்மொழியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆசியாவில் விடுதலை பெற்ற நாடுகள் பலவும் ஒரு பொதுவான வினாவை எதிர்கொண்டன. பல இனத்தாரும் பல மொழியினரும் வாழும் ஒரு நிலப்பரப்பை ஒரு நாடாக ஆக்குவது எவ்வாறு என்பதே அவ்வினா. இலங்கை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. அதன் விளைவுகளை நாம் அறிவோம். அதே காலத்தில், மக்கள்தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்த சிங்கப்பூரிலோ தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அமர்ந்தது. அதற்கான களத்தைத் தமிழர் தரப்பிலிருந்து ஆயத்தம் செய்தவர்களுள் முதன்மையானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

சோழநாட்டுத் திருவாரூரில் 1903இல் பிறந்த அவர், 1924இல் தம் இருபத்தொன்றாம் வயதில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்றார். வணிக நிறுவனமொன்றில் கணக்கெழுதும் பணி கிடைத்தது. ஆயினும் அவர் நாட்டம் பேரேடுகளில் நிற்கவில்லை. தமிழகத்தில் எழுந்த சுயமரியாதை இயக்கக் கருத்துகள் அவரை ஈர்த்தன. 1929இல் பெரியார் மலாயாவுக்கு மேற்கொண்ட பயணம் அவ்வீர்ப்பை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டில் தோன்றிய 'முன்னேற்றம்' இதழில் எழுதத் தொடங்கிய அவர், 1932இல் உருவான தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களுள் ஒருவரானார். கடல் கடந்து வந்த பின்னரும் சாதியைச் சுமந்து திரிந்த தமிழரை ஒரே மக்களாக்குவதே அச்சங்கத்தின் நோக்கம். சீன மரபினரான பெண்ணொருவரைத் துணைவியாக ஏற்றதன் வாயிலாக, இனங்களின் இணக்கத்தைத் தம் இல்லத்திலேயே வாழ்ந்து காட்டினார்.

1935இல் 'தமிழ் முரசு' பிறந்தது. வார இதழாகத் தொடங்கிய அது விரைவில் நாளிதழாக வளர்ந்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்று, போர் முடிந்தபின் மீண்டும் ஒலித்தது. துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைத்த எளிய தமிழருக்கு அதுவே பள்ளிக்கூடமாகவும் மன்றமாகவும் விளங்கிற்று.

1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள் ஒரு விழா என்ற அளவில் நிற்பதன்று. சமயத்தாலும் சாதியாலும் பிறந்த ஊராலும் பிரிந்து கிடந்தோரைப் பொங்கல் நாளில் மொழி என்னும் ஒரே பந்தலின்கீழ் அது கூட்டியது. ஒரு சிறுபான்மையினம் தன்னுள் சிதறிக் கிடந்தால் புதிய நாட்டில் அதன் குரல் எடுபடாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அடுத்த போராட்டம் கல்விக்களத்தில் எழுந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் எண்ணம் உருவானபோது, அதில் சமற்கிருதத்திற்கே முதன்மை தரவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழி புறந்தள்ளப்படுவதைத் தமிழ் முரசு எதிர்த்தது. வெறும் எதிர்ப்போடு சாரங்கபாணி நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளர் முதல் வணிகர் வரை தத்தம் ஆற்றலுக்கேற்ப ஈந்த சிறு சிறு தொகைகள் சேர்ந்து, துறையின் நூலகத்திற்குத் தமிழ் நூல்களாயின. 1956இல் தமிழை முதன்மையாகக் கொண்டு அத்துறை தொடங்கிற்று.

இவற்றினும் அரிய பணி ஒன்றுண்டு. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர் பலர் தயங்கி நின்றனர். ஈட்டிய பொருளோடு என்றேனும் ஊர் திரும்புவோம் என்பதே அவர்கள் கனவு. அயல்நாட்டுக் குடிமகனாவது தாய்நாட்டுக்குச் செய்யும் இரண்டகம் என அஞ்சியோரும் உளர். அவர்களை நோக்கி, குடியுரிமை பெறுங்கள் என்று சாரங்கபாணி இடைவிடாது எழுதினார். வேரூன்றிய மண்ணில் வாக்குரிமை இல்லாதவனுக்கு மொழியுரிமையும் நிலைக்காது என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். தமிழனாக இருப்பதும் சிங்கப்பூரனாக இருப்பதும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதை அவர் தெளிவுறக் கண்டார்.

1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகளாயின. இதனை ஒருவருடைய வெற்றியாக மட்டும் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. எந்த இனமும் தனித்து ஓங்காத நாட்டைக் கட்ட விழைந்த ஆட்சியாளரின் கொள்கையும் அதற்குக் காரணமாகும். எனினும், கேட்பதற்கு ஒரு மக்கள் திரண்டிராவிடில் கொடுப்பதற்கு எந்த அரசும் முன்வருவதில்லை.

அவர் வாழ்வில் முரண்களும் இல்லாமலில்லை. உழைப்பாளர்க்காக எழுதிய இதழே 1963இல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் சில காலம் முடங்கியது. நாளிதழ் நடத்துவோனின் பொருள்முடையும் ஊழியரின் தேவையும் மோதிய அந்நிகழ்வு, அவரையும் மனிதராகவே நமக்குக் காட்டுகிறது. 1974இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரின் தமிழ் நாளிதழாக வெளிவருகிறது.

கவிஞர்களாகிய நாம் அவரிடம் கற்க வேண்டியது யாது? 1950களில் தம் இதழில் மாணவர் மணிமன்றத்திற்குப் பக்கம் ஒதுக்கி, இளையோரின் பிழை மலிந்த முதல் எழுத்துகளை அச்சேற்றியவர் அவர். அந்நாட்டின் எழுத்தாளர் பலர் அப்பக்கத்திலிருந்தே புறப்பட்டனர். சட்டம் ஒரு மொழிக்கு இருக்கை தரும். அதில் அமர்ந்து பேசும் நாவைத் தராது. அங்கே இன்று தமிழரில்லங்கள் பலவற்றில் ஆங்கிலம் இடம்பிடித்து வருவது அதற்குச் சான்று. ஆட்சிமொழித் தகுதி பெற்ற தமிழகத்திலும் நிலை பெரிதும் வேறன்று. நாவைத் தரும் பணி, கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களில் மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கும் நம்மனைய வட்டங்களுக்கு உரியது. பத்தாண்டு நிறைவில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது, நம் மேடையில் இதுவரை எத்தனை புதிய இளையோர் ஏறினர் என்பதையே.