சிகரம் பதினைந்தும் ராதாநாத் சிக்தாரும்

ஒரு மலையின் உயரத்தை அறிய அதன் உச்சியில் ஏறி நிற்க வேண்டுவதில்லை. அம்மலை இருக்கும் நாட்டிற்குள் காலடி வைக்கவும் வேண்டுவதில்லை. நெடுந்தொலைவில் நின்று, முக்கோணக் கணக்கின் துணைகொண்டே அதனை அறிந்துவிடலாம். அவ்வாறு கணக்கிடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட இந்தியர் ராதாநாத் சிக்தார்.

அவர் 1813ஆம் ஆண்டு கொல்கத்தாவின் ஜொராசாங்கோ பகுதியில் பிறந்தார். இந்துக் கல்லூரியில் பயின்றபோது ஜான் டைட்லர் என்னும் ஆசிரியர் அவருக்குக் கணிதத்தைக் கற்பித்தார். நியூட்டனின் பிரின்சிபியா போன்ற கடினமான நூல்களையும் ராதாநாத் மாணவப் பருவத்திலேயே ஆர்வத்துடன் கற்றார்.

அக்காலத்தில் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, வில்லியம் லாம்டன் அப்பணியைத் தொடங்கிவைத்தார். அதன் முறையைச் சிறிது பார்ப்போம். அடிக்கோட்டின் நீளம் 10 கிலோமீட்டர் என்று கொள்க. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றை நோக்கினால் 60 பாகை, 70 பாகை எனக் கோணங்கள் கிடைக்கின்றன. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை ஆதலால், குன்றின்கண் அமையும் கோணம் 50 பாகை. ஒவ்வொரு பக்கமும் தனக்கு எதிரே உள்ள கோணத்தின் சைன் மதிப்பிற்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே மற்ற இரு பக்கங்களும் ஏறத்தாழ 11.3, 12.3 கிலோமீட்டர் என்று விளங்கும். இனி அவற்றைச் சங்கிலியால் அளக்க வேண்டா. அவையே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகள் ஆகும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அளவைத் தொடர் தெற்கிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்றது.

காகிதத்தில் இஃது எளிது. நிலத்திலோ ஒரு கோணத்தில் நேரும் சிறுபிழையும் அடுத்தடுத்த முக்கோணங்களில் பெருகிவிடும். ஆகவே ஒவ்வோர் எண்ணையும் சரிபார்க்க வல்ல கணிப்பாளர்கள் தேவைப்பட்டனர். நில அளவைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் அத்தகைய ஒருவரை நாடியபோது, டைட்லர் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1831இல் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் ராதாநாத் பணியில் சேர்ந்தார். பின்னாளில் அவர் வேறு துறைக்குச் செல்ல விரும்பியபோது எவரெஸ்ட் அவரை விட மனமின்றித் தடுத்துவிட்டார்.

அவர் எண்களோடு மட்டுமே வாழ்ந்தவர் அல்லர். 1843இல் டேராடூனில், ஆங்கில நீதிபதி ஒருவர் நில அளவைத் துறையின் கூலியாட்களைக் கூலியின்றித் தம் சுமைகளைத் தூக்கச் செய்தார். ராதாநாத் அச்சுமைகளைத் தடுத்து நிறுத்தினார். வழக்கு நடந்தது, அவருக்கே இருநூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. பெண்களும் படித்தறியும் எளிய வங்காள நடையில், 1854இல் பியாரிசந்த் மித்ராவுடன் சேர்ந்து ஒரு திங்களிதழையும் தொடங்கினார்.

1849இல் அவர் கொல்கத்தா அலுவலகத்திற்கு மாற்றப்பட்டுத் தலைமைக் கணிப்பாளராகப் பணியாற்றினார். அப்போது நேபாளத்திற்குள் அயலார் நுழைய இயலாது. எனவே பீகாரின் சமவெளியில் ஆறு இடங்களில் கருவிகளை நிறுவி, 170 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த பனிச்சிகரம் ஒன்றை அளந்தனர். பதினைந்தாம் சிகரம் என்பதே அதற்கு அவர்கள் இட்ட பெயர். தொலைவும் ஏற்றக்கோணமும் கிடைத்தால் உயரம் கிடைத்துவிடும் என்று நாம் எண்ணலாம். ஆனால் அத்தொலைவில், புவியின் வளைவு மலையின் அடிப்பகுதியை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மறைத்துவிடுகிறது. காற்றில் ஒளி வளைவதால் உச்சியோ உள்ள இடத்தைவிட உயர்ந்து தோன்றுகிறது. இவ்விரு விளைவுகளையும் கணக்கில் சேர்ப்பதிலேதான் உண்மையான உழைப்பு இருந்தது. ஆறு இடங்களின் விடைகளும் 28,990 அடி முதல் 29,026 அடி வரை அமைந்தன. அவற்றின் சராசரி 29,002 அடி. இன்று ஏற்கப்படும் 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டரே!

ராதாநாத் தம் தலைவரின் அறைக்குள் ஓடிச்சென்று, உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டதாகக் கூவினார் என்றொரு கதை உண்டு. அவர் இருந்ததோ கொல்கத்தாவில். தலைவர் ஆண்ட்ரூ வாஹ் இருந்ததோ டேராடூனில். கதை சுவையானது, நடந்ததன்று. பலர் பல ஆண்டுகள் சரிபார்த்த பின்னரே, 1856இல் முடிவு வெளியிடப்பட்டது. அச்சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயரைச் சூட்டவேண்டும் என்று வாஹ் முன்மொழிந்தார்.

ராதாநாத் 1862இல் ஓய்வு பெற்று, 1870இல் சந்தன்நகரில் காலமானார். நில அளவைக்கான அரசுக் கையேட்டின் கணிதப் பகுதிகளில் அவர் பங்கு பெரிது. 1851ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை அதனை நன்றியுடன் குறித்திருந்தது. 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் கணக்குகள் அப்படியே இருந்தன. முன்னுரையில் அவர் பெயர் மட்டும் இல்லை. அக்கால ஆங்கில நாளேடு ஒன்றே அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. 2004இல் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.