பேராசிரியர் பால் லாஞ்சவின்

கண்ணாடியும் படிகக்கல்லும் மிகக் கடினமானவை. எனினும் ஓங்கியடித்தால் நொறுங்கிப்போகும். இத்தகைய பொருள்களைச் சிதையாமற் குடையும் யந்திரங்களில் இன்று பெரிதும் வழங்கும் அதிர்வுக்கருவி, பிரெஞ்சுப் பேரறிஞர் பால் லாஞ்சவினுடைய பெயரைத் தாங்கியிருக்கிறது.

அவர் 1872-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 23-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பதினாறாம் பிராயத்தில் அந்நகரத்துப் பௌதிக ரசாயனத் தொழிற்கலாசாலையிற் சேர்ந்து, பியேர் கியூரியிடம் ஆராய்ச்சிமுறை பயின்றார். குவார்ட்ஸ் முதலிய சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதைக் கியூரியும் அவர் தமையனார் ஜாக்கும் 1880-ல் கண்டறிந்திருந்தனர். மின்சாரத்தால் அப்படிகங்கள் விரிந்து சுருங்குதலும் மறுவருஷமே தெளிவாயிற்று. அவ்வுண்மைக்கு அக்காலத்தில் பெரும்பயன் ஏதும் தோன்றவில்லை. 1906-ல் கியூரி வீதி விபத்தொன்றில் மாண்டார்.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. நீர்மூழ்கிகள் கப்பல்களை அழித்துவந்த அந்நாளில், லாஞ்சவின் தம் ஆசிரியரின் படிகத்தை நாடினார். குவார்ட்ஸை எஃகுத் தகடுகளிரண்டின் நடுவே பொருத்தி, மின்சாரத்தால் அதிரச்செய்து, செவிக்கெட்டாத ஒலியலைகளைக் கடலினுள் அனுப்பினார். 1918-ல் நீர்மூழ்கியிற் பட்டு மீண்ட எதிரொலி கிடைத்தது.

நாட்டைக் காக்க உழைத்த அவரை அடுத்த யுத்தம் வாட்டியது. நாஜிக் கொள்கையை வெளிப்படையாய் எதிர்த்தவராதலின், 1940 அக்டோபரில் ஜெர்மானியர் அவரைச் சிறையிலிட்டு, பின்னர் ட்ருவா நகரிற் காவலில் வைத்தனர். அவர் மருமகன் ஜாக் சாலமன் 1942-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் எலேன் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு மீண்டார். முதியவரோ 1944-ல் ஸ்விட்ஸர்லாந்துக்குத் தப்பினார்; 1946 டிசம்பர் 19-ல் காலமானார். 1948-ல் அவருடல் பாரிஸிலுள்ள பாந்தியோனில் மரியாதையுடன் வைக்கப்பட்டது.

அதே 1940-களில் அமெரிக்கராகிய லூயிஸ் பாலமுத் செவிக்கெட்டா அதிர்வினால் கடினப் பொருள்களைக் குடையும் முறையை வகுத்தார். கருவியின் முனை விநாடிக்குச் சுமார் 20,000 தடவை, மில்லிமீட்டரில் நூறிலொரு சில பங்கே அசைகிறது. முனைக்கும் பொருளுக்கும் இடையே, போரான் கார்பைடு போன்ற கடுந்தூள் நீரிற் கலந்து பாய்கிறது. அத்துகள்கள் ஓயாது மோதி, பொருளைத் துளித்துளியாய்ப் பெயர்க்கின்றன. முனை சதுரமாயின் துளையும் சதுரமாகும். முதலில் நிக்கல் முதலிய உலோகங்களே காந்தத்தால் அதிர்ந்து இவ்வேலையைச் செய்தன. பிற்காலத்தில் லாஞ்சவின் அமைப்பு அவ்விடத்தைப் பெரிதும் பெற்றது. குவார்ட்ஸுக்குப் பதிலாக மின்பீங்கான் வந்ததேயன்றி, இரு உலோகங்களின் நடுவே அதிரும் பொருளை இறுக்கும் ஏற்பாடு அவருடையதே.

ஆசிரியரின் ஆய்வுக்கூடத்திற் கண்ட சிறிய உண்மையொன்றை லாஞ்சவின் கால் நூற்றாண்டு கடந்தும் மறவாதிருந்தார். பரீட்சை முடிந்தவுடன் பாடத்தை மறக்கும் நாம் அவரை நினைவிற்கொள்ளுதல் நலம்.