புள்ளிகளை எண்ணச் சொன்னவர்: யார் இந்த ஹென்றி தாஜ்ஃபெல்?

திரையில் புள்ளிகள் மின்னி மறைகின்றன. எத்தனை என்று கேட்கிறார்கள். குத்துமதிப்பாக ஓர் எண்ணைச் சொல்கிறீர்கள். உடனே, நீங்கள் 'அதிகமாகக் கணிப்பவர்கள்' குழு என்கிறார்கள். அவ்வளவுதான். குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. இப்போது முகம் தெரியாத இரண்டு பேருக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னால், உங்கள் குழு ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பீர்களா?

இதைக் கேட்ட உளவியலாளர் தாஜ்ஃபெலுக்குக் குழு அடையாளம் வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. 1919-இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே யூதர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்வது கடினம் என்பதால், வேதியியல் படிக்க பிரான்ஸ் போனார். போர் வந்ததும் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். 1940-இல் ஜெர்மானியர்களிடம் சிக்கினார். யூதர் என்பதை ஒப்புக்கொண்டார், ஆனால் பிரெஞ்சுக்காரர் என்று சொல்லிக்கொண்டார். போலந்து யூதர் என்று தெரிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். காவலாளிகளுக்கு அவரைப் பிடித்திருந்ததா, இல்லையா என்பதெல்லாம் அங்கே கணக்கிலேயே வராது. ஐந்து வருஷம் கழித்து வெளியே வந்தபோது நெருங்கிய குடும்பத்தில் யாருமே உயிரோடு இல்லை.

அகதிக் குழந்தைகளுக்காகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பிரிட்டனில் முப்பது வயதுக்கு மேல்தான் உளவியல் படித்தார். 1967-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர். வெறுப்பு என்பது சில கோணல் மனிதர்களின் குணக்கோளாறு என்று அப்போது பலர் நம்பினார்கள். அவருக்கு அது போதவில்லை.

புள்ளிச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்கள் 64 பேர். குழு பிரித்தது உண்மையில் குருட்டாம்போக்கில். தனக்கென்று யாரும் பணம் ஒதுக்க முடியாது. பாகுபாடே இல்லாத நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு காரணமாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் திட்டம். முதல் படியிலேயே பாகுபாடு வந்துவிட்டது!

எண்களைப் பாருங்கள். அடுத்து நடந்த சோதனையில், ஓர் அட்டவணையின் ஒரு முனையில் நம்மாளுக்கு 19, அடுத்தவருக்கு 25. மறுமுனையில் நம்மாளுக்கு வெறும் 7, அடுத்தவருக்கு 1. முதலாவதுதானே லாபம்? ஆனால் மாணவர்களின் தேர்வு, நம்மாள் முந்தியிருக்கும் பக்கமே சாய்ந்தது. நியாயமாகப் பிரிக்கும் எண்ணமும் அவர்களிடம் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

1979-இல் ஜான் டர்னருடன் சேர்ந்து இதைச் சமூக அடையாளக் கோட்பாடாக விரித்தார். 1982-இல் புற்றுநோயால் இறந்தார்.

இன்னொன்றும் உண்டு. பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற புகார்களால், ஐரோப்பிய சமூக உளவியல் சங்கம் 2019-இல் தன் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது.