அவசரமில்லாமல் நடந்தவர்கள்

வேலை எதுவும் இல்லாமல், சும்மா நடப்பதற்காகவே நீங்கள் நடந்ததுண்டா? எங்க வீட்டில் அப்படி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. அப்பா கொத்தனார் வேலைக்கு நடப்பார், அம்மா தண்ணிக்கு நடப்பாங்க. அதனால்தான் நூலகப் புத்தகம் ஒன்றில் 'உலா' என்ற ஓவியத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரங்களுக்கு நடுவே தொப்பி போட்ட ஆண்கள், பெண்கள். யாருக்கும் அவசரமே இல்லை! 1913-இல் அதை வரைந்தவர் ஜெர்மனி ஓவியர் ஆகஸ்ட் மாக்கே. அவர் கதையைப் படித்த பிறகு சிரிப்பு போயிடுச்சு.

1887 ஜனவரி 3-இல் மெஷெடே என்ற ஊரில் பிறந்தார். அப்பா கட்டிடக் காண்ட்ராக்டர் (நம்ம சிவில் ஆள்!). கொலோனிலும் பானிலும் வளர்ந்தார். 1904-இல் அப்பா இறந்தார். அதே வருடம் டுசல்டார்ஃப் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தவர், அங்கே சொல்லிக் கொடுத்த பழைய முறை பிடிக்காமல் 1906-இல் விட்டுவிட்டார். 1909-இல் எலிசபெத்தைக் கல்யாணம் செய்தார். எலிசபெத்தின் தாய்மாமன் பெர்லினில் தொழிலதிபர். அவர் கைகொடுத்ததால் பாரிஸ் போய்ப் புது ஓவியங்களைப் பார்க்க முடிந்தது. தாய்மாமன் என்றால் எந்த நாட்டிலும் தாய்மாமன்தான் போலிருக்கு!

மாக்கே வரைந்த மனிதர்கள் பலருக்குக் கண், மூக்கு கிடையாது. முதலில் பாதியில் விட்டுட்டாரோன்னு நினைச்சேன். இல்லை. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு என்று வைத்தே வெயிலைக் கொண்டு வருகிறார். முகம் இருந்தால் நாம் முகத்தைத்தான் பார்ப்போம், வெயிலைப் பார்க்க மாட்டோம். 1913 இறுதியில் மனைவி, இரண்டு பையன்களோடு சுவிட்சர்லாந்தின் தூன் ஏரிக்கரையில் குடியேறினார். அந்த எட்டு மாதமும் நடப்பவர்களை வரைந்துகொண்டே இருந்தார். 1914 ஏப்ரலில் பால் க்ளே, லூயி மொய்லியே என்ற ஓவிய நண்பர்களுடன் துனிசியா போய் இரண்டு வாரம் வண்ணத்தில் குளித்துவிட்டு வந்தார்.

ஆகஸ்டில் உலகப்போர். ராணுவம் அழைத்துக்கொண்டது. செப்டம்பர் 26, பிரான்சின் ஷாம்பெயின் போர்முனையில் சாவு. வயது 27! அவருடைய உயிர் நண்பர், ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கும் 1916-இல் அதே போரில் வெர்டன் அருகே மடிந்தார்.

போர் தொடங்கிய சமயத்தில் வரைந்த 'பிரியாவிடை' கொலோன் மியூசியத்தில் இருக்கிறது. அதிலும் முகமில்லாத மனிதர்கள்தான். ஆனா வெயில் இல்லை, எல்லாம் இருட்டு நிறம்.

'உலா' மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸில் இருக்கிறது. அட்டை மேல் வரைந்தது. 51-க்கு 57 சென்டிமீட்டர், அவ்வளவுதான். நம்ம டிராயிங் போர்டை விடச் சின்னது.