மார்பில் பிறர் கொடி

விளையாட்டில் ராஜீய விவகாரம் புகலாகாது என்று உபதேசிப்போர் எக்காலத்திலும் உளர். அன்னார் ஸோன் கீ சுங் என்ற கொரிய வீரரின் சரித்திரத்தைச் சற்று நோக்குவது நலம்.

கொரியாவை ஜப்பான் 1910-ல் விழுங்கியது. 1912-ல் யாலு நதிக்கரையிலுள்ள ஸினுய்ஜூவில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த ஸோன், பிறக்கும்போதே அந்நியரின் பிரஜையானார். 1936 ஆகஸ்டு 9-ந் தேதி பெர்லின் ஒலிம்பிக் மராத்தன் ஓட்டத்தை 2 மணி 29 நிமிஷம் 19 விநாடியில் முடித்து முதல்வரானார். மற்றொரு கொரியரான நாம் ஸுங் யோங் மூன்றாவதாக வந்தார். ஆயினும் ஏறியது ஜப்பானியக் கொடி. ஒலித்தது ஜப்பானிய கீதம். பதிவானது ஸோன் கிடெய் என்ற ஜப்பானியப் பெயர். ஸோன் தலை குனிந்து நின்றார். பரிசாகக் கிடைத்த ஓக் மரக்கன்றினால் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். ஆறு நாட்களுக்குப் பின் அதே நகரில் ஹாக்கியில் வென்ற நம்மவர்களும் அந்நிய ஆட்சிக்கு உட்பட்டவர்களே. ஆனால் அவர்களுக்கு இந்தியா என்ற பெயரேனும் மிஞ்சியது. ஸோனுக்கு அதுவும் இல்லை.

ஸியோல் நகரத்து டோங்-ஆ இல்போ பத்திரிகை, மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டு அவர் படத்தை ஆகஸ்டு 25-ந் தேதி பிரசுரித்தது. அதன் ஊழியர் சிலர் கைதாயினர். பத்திரிகை ஒன்பது மாத காலம் முடக்கப்பட்டது. படத்தைத் திருத்துவது பத்திரிகை தர்மமா என்று சட்டம் பேசுவோர் வினவலாம். மற்றச் சமயங்களில் நாமும் அதைக் கண்டிப்போம். ஆனால் அந்தப் படத்தில் பொய்யாக இருந்தது கொடி ஒன்றே. அதை நீக்கியவர்கள் உண்மைக்கே ஊழியம் செய்தார்கள் என்பது நமது துணிபு.

1945-ல் ஜப்பானிய ஆட்சி ஒழிந்தது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக் அணிவகுப்பில் ஸோன் தம் நாட்டுக் கொடியைத் தாமே ஏந்திச் சென்றார். 1950-ல் அவரிடம் பயின்ற கொரியர் மூவர் பாஸ்டன் மராத்தனில் முதல் மூன்று ஸ்தானங்களையும் பெற்றனர். 1988-ல் ஸியோல் ஒலிம்பிக் அரங்கினுள் தீபத்தைத் தாங்கி ஓடிய முதியவரும் அவரே. 1992 ஆகஸ்டு 9-ந் தேதி, பெர்லின் வெற்றி நாளன்றே, பார்ஸிலோனா மராத்தனில் ஹ்வாங் யோங் சோ கொரியக் கொடியுடன் வென்றதை நேரில் கண்டு களித்தார். 2002-ல் காலமானார்.

ஒலிம்பிக் பட்டியலில் அவருடைய வெற்றி இன்றும் ஜப்பானின் கணக்கிலேயே இருக்கிறது. அன்றைய சட்டப்படி அது சரியென்று வாதிக்கலாம். நியாயப்படி அது கொரியாவுக்கு உரியது. ஆண்டவரின் சட்டம் எழுதி வைத்ததை மாற்றாமல் காப்பதும் ராஜீயமே. விளையாட்டில் அது புகலாகாது என்போர் முதலில் அந்தப் பட்டியலைத் திருத்தட்டும்.