குருவை மறுத்த குமிழி

லேபில் எதிர்பார்த்த விடை வரலைன்னா ரீடிங்கை அழித்து மாற்றி எழுதியவன் நான். ஆகஸ்ட் குரோவின் வாழ்க்கையைப் படித்ததும் வெட்கமாகிவிட்டது.

1874-இல் டென்மார்க்கில் பிறந்தவர் குரோ. கோபன்ஹேகனில் பேராசிரியர் கிறிஸ்டியன் போரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நுரையீரல், சுரப்பியைப் போல வேலை செய்து ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்பது போரின் கொள்கை. அவ்வளவு பெரியவரை எதிர்த்து யார் பேசுவது?

குரோ பேசவில்லை, அளந்தார்! தானே ஒரு கருவி செய்தார். ஓடும் இரத்தத்தில் சின்னஞ்சிறு காற்றுக் குமிழியைப் படவிட்டு, பிறகு அந்தக் குமிழியில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சோதித்தார். டாக்டரான மனைவி மேரியும் கூடவே உழைத்தார். எத்தனை தடவை பார்த்தாலும் ஆக்சிஜனின் அழுத்தம் இரத்தத்தைவிட நுரையீரல் காற்றில்தான் அதிகம். அப்புறம் தள்ளுவானேன்? மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுற மாதிரி, மெல்லிய சவ்வைத் தாண்டி அதுவாகவே போய்விடுகிறது!

1910-இல் முடிவுகளை வெளியிட்டார். குருவின் கருத்தை மறுத்த அதே கட்டுரையில் குருவுக்கு நன்றியும் எழுதினார். 1920-இல் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார். 1949-இல் மறைந்தார்.

மரியாதை வேறு, ரீடிங் வேறு. இனிமேல் நான் ரப்பரைத் தொட மாட்டேன். நீங்கள்?