ஸ்னூக்கர் விதிகள் ஊட்டி சுவரில் ஏறிய கதை: யார் இந்த நெவில் சேம்பர்லின்?

நெவில் சேம்பர்லின் என்றதும் பிரிட்டன் பிரதமர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர் வேற ஆள். 1856-ல் பிறந்த ராணுவ அதிகாரி.

1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், 'பிளாக் பூல்' ஆட்டத்தில் கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். ஒருநாள், சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட சக அதிகாரியை 'ஸ்னூக்கர்' என்று கிண்டலடித்தார். வூல்விச் ராணுவ அகாடமியின் முதலாண்டு மாணவர்களுக்கான பட்டப்பெயர் அது. அந்தப் பெயரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

ஆப்கன் போரில் காயமடைந்த பிறகு, மெட்ராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் பணி, கோடைக்கு ஊட்டி. 1882-ல் விதிகள் எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன.

அடிக்க வேண்டிய பந்தை இன்னொரு பந்து மறைத்தால், அந்த நிலைக்கும் பெயர் 'ஸ்னூக்கர்'. வெள்ளைப் பந்தைச் சுழற்றி அதிலிருந்து தப்பிக்க, கியூ கைகொடுக்கணும். வாங்கும்போது கண்ணருகே வைத்து, கம்பு நேராக இருக்கிறதா பாருங்கள். நுனித் தோல் குவிந்து, சாக்பொடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வெள்ளைப் பந்தின் ஓரத்தில் அடியுங்கள். குறிவைத்த கோட்டைவிட்டுப் பந்து எவ்வளவு விலகுது என்பதில் கியூவின் குணம் தெரியும்.

ஆட்டம் உலகம் சுற்றியது. தொடங்கியவர் பெயர் மங்கியது. அதனால் 1938-ல், 82 வயதில், 'தி ஃபீல்ட்' இதழுக்குக் கடிதம் எழுதி உரிமை கோரினார். இந்தியாவில் பணியாற்றிய பழைய அதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். 1939-ல் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சியும் அவர் பக்கம் நின்றார். 1944-ல் சேம்பர்லின் இறந்தபோது, ஸ்னூக்கர் அவருடைய ஆட்டம் என்பது பதிவாகிவிட்டிருந்தது.